இரவலாய்ப் போனவர் தலைவராய் நின்றார்



'இரவல்' என்ற சொல் நம்முடைய ஜனங்களுக்குப் புதியதல்ல. ஊரிலே கல்யாணம் என்றால் பெரிய அண்டாவும் ஜமுக்காளமும் நாலு வீட்டிலிருந்து இரவலாக வரும். அதற்கு ஓர் ஒழுங்கும் உண்டு. வாங்கினவர் அதைக் கவனமாய்ப் புழங்கவேண்டும். காரியம் முடிந்ததும் துலக்கித் திருப்பிக் கொடுக்கவேண்டும். அண்டாவுக்கு மனம் இல்லை. யார் வீட்டு அடுப்பில் ஏற்றினாலும் அது வருத்தப்படுவதில்லை. ஆனால் ஒரு மனுஷனையே இரவல் கொடுத்தால் அவனுடைய மனம் என்ன பாடுபடும்?

பிழைப்பைத் தேடி மும்பையிலும் பெங்களூரிலும் டில்லியிலும் வந்து குடியேறின நம்முடைய குடும்பங்கள் இதை நன்கு அறியும். காண்ட்ராக்ட் வேலையில் இருக்கிற மகன் ஒரு கம்பெனியில் சம்பளம் வாங்கி, வேறொரு கம்பெனியின் வாசலில் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போகிறான். அங்குள்ளவர்களுக்கு அவன் வெளியாள். அனுப்பிவைத்தவர்களுக்கோ அவன் முகமே மறந்துபோயிருக்கும். ஊரிலிருந்து தாத்தா போன் செய்து, "நீ எந்தக் கம்பெனியில் இருக்கிறாய்?" என்று கேட்டால், உடனே பதில் வருவதில்லை.

இந்த நிலையை ஒரு முறையான ஏற்பாடாகவே வைத்திருக்கிற துறை ஒன்று உண்டு. அது கால்பந்து. வாரக் கடைசியில் இராத்திரி வெகுநேரம் கண்விழித்து உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஐரோப்பியக் கால்பந்தைப் பார்க்கிறார்களே, அவர்களிடம் 'லோன்' என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். வங்கிக் கடனைப் பற்றிச் சொல்லமாட்டார்கள்; இரவல் போன ஆட்டக்காரர்களைப் பற்றிச் சொல்லுவார்கள். அப்படி 4 முறை இரவலாய்ப் போன ஒரு வாலிபரின் சரித்திரத்தை இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அவர் நார்வே தேசத்தைச் சேர்ந்த மார்ட்டின் ஓடேகார்ட். நடுக்களத்தில் ஆடுகிறவர்.

முதலாவது இந்த ஏற்பாட்டைச் சற்று விளங்கிக்கொள்ளுவோம். பெரிய கிளப்புகள் இளம் ஆட்டக்காரர்களை ஏராளமாய்ச் சேர்த்துக்கொள்ளுகின்றன. களத்தில் இறங்குகிறவர்களோ 11 பேர் மாத்திரம். எஞ்சியவர்கள் பயிற்சியிலே ஓடுவார்கள். ஆட்டநாளில் பெஞ்சிலோ பார்வையாளர் வரிசையிலோ உட்கார்ந்திருப்பார்கள். வாலிப வயதில் ஆடாமல் உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கால் மரத்துப்போகுமோ இல்லையோ, தைரியம் மரத்துப்போகும். ஆகவே அவனை வேறொரு கிளப்புக்கு 6 மாதத்துக்கோ 1 வருஷத்துக்கோ அனுப்பிவைக்கிறார்கள். ஒப்பந்தம் தாய்க் கிளப்போடுதான் இருக்கும். சம்பளத்தை இரு கிளப்புகளும் பேசிவைத்தபடி பகிர்ந்துகொள்ளும். சில ஒப்பந்தங்களில் நடுவிலேயே திரும்ப அழைத்துக்கொள்ளும் உரிமையும் எழுதப்பட்டிருக்கும். இங்கிலாந்தின் பிரிமியர் லீக்கில், இரவல் போனவர் தம்முடைய தாய்க் கிளப்புக்கு எதிராய் ஆடக்கூடாது என்ற விதியும் உண்டு.

இது தோற்றுப்போனவர்களுக்கான வழி என்று நினைத்துவிடாதிருங்கள். டேவிட் பெக்கம் என்ற பெயரைக் கேள்விப்படாதவர் நம்மில் குறைவு. அவரும் 1995ஆம் ஆண்டு, 19 வயதில், மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பிலிருந்து நான்காம் படியில் இருந்த பிரெஸ்டன் என்ற கிளப்புக்கு இரவலாய்ப் போனவரே. அங்கே 5 ஆட்டங்கள் ஆடி 2 கோல் போட்டார். அதில் ஒன்று, மூலையிலிருந்து உதைத்த பந்து நேராக வலைக்குள் போன கோல். அதே ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தாய்க் கிளப்புக்காகப் பிரிமியர் லீக்கில் முதன்முதலாகக் களமிறங்கினார்.

இப்பொழுது ஓடேகார்டின் காரியத்துக்கு வருவோம். அவர் 1998 டிசம்பர் 17 அன்று நார்வேயின் டிராமென் நகரில் பிறந்தவர். தகப்பனார் ஹான்ஸ் எரிக் அவ்வூர்க் கிளப்பாகிய ஸ்ட்ரோம்ஸ்கொட்செட்டில் ஆடினவர். பையன் பந்து பழகினது வீட்டுப் பக்கத்துச் சிறிய கிளப்பில். அதன் சரளைக்கல் மைதானத்தை மாற்றிச் செயற்கைப் புல் விரிப்பதற்குப் பிள்ளைகளின் பெற்றோரே பணம் போட்டார்கள். ஓடேகார்டின் வீட்டாரும் அவர்களில் உண்டு. பிள்ளையின் தாலந்துக்குப் பின்னால் ஊராரின் பணமும் தகப்பனாரின் நேரமும் இருந்ததைக் கவனியுங்கள்.

2014 ஏப்ரலில், 15 வயது முடிந்து 4 மாதங்கூட நிறையாத நிலையில், அவன் நார்வேயின் முதல் படி லீக்கில் ஆடினான். அந்நாள்வரை அந்த லீக்கில் அவ்வளவு சிறிய வயதில் ஒருவரும் ஆடினதில்லை. அந்த ஆண்டு 23 லீக் ஆட்டங்கள், 5 கோல்கள். ஆகஸ்டு 27 அன்று ஐக்கிய அரபு எமிரேட்ஸ் அணிக்கு எதிராய்த் தேசிய அணியின் சட்டையை அணிந்தான். அக்டோபரில் பல்கேரியாவுக்கு எதிராய் ஆடி, ஐரோப்பியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆடினவர்களில் மிக இளையவன் என்ற பெயரையும் பெற்றான். நம்முடைய பிள்ளைகள் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு ஆயத்தப்படுகிற வயது அது.

ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் அழைப்பின்மேல் அழைப்பு விடுத்தன. தகப்பனும் மகனும் ஒவ்வொன்றாய்ப் போய்ப் பார்த்தார்கள். முடிவில் 2015 ஜனவரி 22 அன்று ஸ்பெயின் தேசத்தின் ரியல் மாட்ரிட் கிளப் அவரைச் சேர்த்துக்கொண்டது. 16 வயது வாலிபன். எதிரே பத்திரிகையாளர் கூட்டம், கேமராக்களின் வெளிச்சம். மே 23 அன்று, கெட்டாஃபே அணியை 7-3 என்று வென்ற ஆட்டத்தில், கிறிஸ்டியானோ ரொனால்டோ வெளியே வர, அவருக்குப் பதிலாக இந்த வாலிபர் உள்ளே போனார். அந்தக் கிளப்பின் முதல் அணிக்கு அவ்வளவு சிறிய வயதில் ஆடினவர் அதற்குமுன் ஒருவரும் இல்லை.

இதைக் கேட்கிற எந்தத் தாய்க்கும் மனம் பூரிக்கும். ஆனால் பிரியமானவர்களே, துவக்கத்தில் கிடைக்கிற கனம் எப்பொழுதும் உழைப்புக்குக் கிடைத்த கனமாக இருப்பதில்லை. அந்நாளில் பயிற்சியாளராயிருந்த கார்லோ ஆன்செலாட்டி 2016ஆம் ஆண்டு வெளிவந்த தம்முடைய நூலில் இதை வெளிப்படையாய் எழுதினார். அந்தப் பையனைச் சேர்த்தது கிளப் தலைவரின் தீர்மானம் என்றும், முதல் அணியில் அவனை ஆடவைப்பதில் விளம்பர நோக்கம் இருந்தது என்றும் அதில் குறிப்பிட்டார். அந்த வாலிபன் மனமுவந்து செய்த ஆட்டத்தைப் பெரியவர்கள் தங்கள் விளம்பரத்துக்கு வைத்துக்கொண்டார்கள்.

அதன்பின் வந்த நாட்கள் எளியவைகளல்ல. வார நாட்களில் உலகப் பிரசித்திபெற்ற ஆட்டக்காரர்களோடு பயிற்சி. வாரக் கடைசியில் மூன்றாம் படி லீக்கில் இருந்த கஸ்டீயா என்ற துணை அணியோடு ஆட்டம். அந்தத் துணை அணிக்கு அப்பொழுது பயிற்சியாளராயிருந்தவர் ஜினெடின் ஜிடேன். ஆசானுக்குக் குறைவில்லை. ஆனாலும் முதல் அணியார் அவரைத் தங்களில் ஒருவராய் எண்ணவில்லை. துணை அணியாரோடு தினமும் பழகாததால் அங்கும் அவர் ஒட்டவில்லை. இரண்டிலும் தாம் முழுமையாய்ச் சேர்ந்தவராயிருக்கவில்லை என்பதைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். தப்பு செய்யாதிருப்பதே நோக்கமாகி, தமக்கே உரிய துணிகரமான ஆட்டம் தம்மைவிட்டுப் போயிற்று என்றும் சொன்னார்.

இதை ஆழ்ந்து சிந்தியுங்கள். பெரிய பள்ளிக்கூடத்திலே பெரும்பாடுபட்டு இடம் வாங்கிச் சேர்த்த பிள்ளை, வகுப்பில் வாய் திறவாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறதை நம்மில் எத்தனைபேர் கண்டிருக்கிறோம்! பள்ளிக்கூடத்தின் பெயரை நாம் உறவினரிடத்தில் பெருமையாய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பிள்ளையோ உள்ளே சுருங்கிக்கொண்டிருக்கிறது.

2017 ஜனவரியில் அவர் முதல் முறையாய் இரவல் போனார். போன இடம் நெதர்லாந்து தேசத்தின் ஹீரன்வேன். சிறிய ஊர். மாட்ரிட்டின் ஆரவாரத்துக்கும் அதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அங்கே ஒன்றரைப் பருவம் இருந்தார். லீக்கில் 38 ஆட்டங்கள் ஆடினார். 3 கோல்கள் மாத்திரம் போட்டார். 15 வயதில் அதிசயப் பிள்ளை என்று எழுதின பத்திரிகைகள், 18 வயதில் "அந்தப் பையன் என்ன ஆனான்?" என்று எழுதத் துவங்கின.

3 கோல்கள் என்ற எண்ணை மாத்திரம் பார்க்கிறவர் அந்தக் காலம் வீணாய்ப் போயிற்று என்று சொல்லுவார். 38 ஆட்டங்கள் என்ற எண்ணை எத்தனைபேர் பார்த்தார்கள்? வளர்ந்த ஆண்களோடு, வாரந்தோறும், புள்ளிக்காகப் போராடுகிற ஆட்டங்கள் அவை. தோற்றால் சக ஆட்டக்காரர் கோபிப்பார்கள். ஊரார் கேள்வி கேட்பார்கள். பந்தை இழந்தால் திரும்ப ஓடிப் பிடிக்கவேண்டும். நடுக்களத்தில் ஆடுகிறவனுக்கு இந்தப் பாடம் மிகவும் அவசியம். முன்னே நிற்கிறவன் ஒரு கோல் போட்டால் 90 நிமிஷத்துத் தப்பும் மறக்கப்படும். நடுவில் நிற்கிறவனோ, எங்கே நிற்பது, எப்பொழுது கொடுப்பது, எப்பொழுது காத்திருப்பது என்பதை ஆடி ஆடித்தான் கற்றுக்கொள்ளக்கூடும். பயிற்சி மைதானத்தில் அதைக் கற்பிக்க ஒருவராலும் கூடாது.

2018இல் இரண்டாம் இரவல். அதே நெதர்லாந்தில், ஆர்ன்ஹெம் நகரத்து விட்டெஸ்ஸ கிளப். முந்தின காலத்தில் விதைத்தது இங்கே முளைத்தது. 31 லீக் ஆட்டங்களில் 8 கோல்கள் போட்டார். மற்றவர்கள் கோல் போடும்படி பந்தை எடுத்துக்கொடுப்பதிலும் அந்த லீக்கின் சிறந்தவர்களில் ஒருவரானார். 2019இல் மூன்றாம் இரவலாக ஸ்பெயினுக்கே திரும்பினார். ஆனால் மாட்ரிட்டுக்கு அல்ல. சான் செபாஸ்டியன் நகரத்து ரியல் சொசியதாத் கிளப்புக்கு. அந்தச் செப்டம்பர் மாதத்தில் ஸ்பெயின் லீக்கின் மாதாந்திரச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்றார்.

2020 பிப்ரவரி 6 அன்று ஒரு காரியம் நடந்தது. ஸ்பெயின் அரசர் கோப்பையின் கால் இறுதிச் சுற்று. ரியல் சொசியதாத் போய் ஆடின இடம் ரியல் மாட்ரிட்டின் சொந்த மைதானம். தம்மை இரவல் கொடுத்த கிளப்புக்கு எதிராக, அவர்களுடைய வாசலிலே, முதல் கோலைப் போட்டவர் ஓடேகார்ட். சொசியதாத் 4-3 என்று வென்றது. ஆயினும் அவர் அந்த கோலுக்காக ஆடினார் என்று நான் சொல்லமாட்டேன். அன்று எந்தச் சட்டையை அணிந்திருந்தாரோ, அந்தச் சட்டைக்கு உண்மையாய் இருந்தார். இரவல் போனவரின் உத்தமம் அதுவே.

அந்தக் கோப்பையின் இறுதி ஆட்டம் கொரோனா தொற்றின் நிமித்தம் 2021 ஏப்ரலுக்குத் தள்ளிப்போடப்பட்டது. சொசியதாத் 1-0 என்று வென்று, 1987க்குப் பின் முதன்முறையாய்க் கோப்பையைத் தூக்கிற்று. அந்த நாளில் ஓடேகார்ட் அங்கே இல்லை. 2020 கோடையில் ரியல் மாட்ரிட் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தது. உழைத்த வயலின் அறுப்பைக் காணாமல் அடுத்த வயலுக்குப் போகிறது இரவல்காரருக்கு நேரிடுகிற காரியம். நீங்கள் கட்டின கட்டடத்தின் திறப்பு விழாவுக்கு உங்களுக்கு அழைப்பு வந்ததுண்டா? நம்மில் அநேகருக்கு வந்ததில்லை.

திரும்பிப்போன இடத்திலாவது ஸ்தானம் கிடைத்ததா? 2020 செப்டம்பரில் முதல் ஆட்டத்தில், அதுவும் சான் செபாஸ்டியனிலேயே, ரியல் மாட்ரிட் சட்டையில் துவக்கத்திலிருந்து ஆடினார். அதன்பின் காயமும் வந்தது; பெஞ்சும் வந்தது. 2015இல் சேர்ந்தது முதல் 2021 வரை ரியல் மாட்ரிட் முதல் அணிக்காக அவர் ஆடின ஆட்டங்கள் மொத்தம் 11 மாத்திரமே. மூன்று இடங்களில் உழைத்து, நிரூபித்து, வீடு திரும்பினவருக்கு வீட்டிலே நாற்காலி இல்லை. இந்தத் தருணத்தில்தான் அநேக வாலிபர்கள் மனம் உடைந்துபோகிறார்கள். பெரிய பெயரை விடவும் மனம் வராது. அங்கே இருக்கவும் வழி இருக்காது.

ஓடேகார்ட் தாமே கேட்டு மறுபடியும் வெளியே போனார். 2021 ஜனவரி 27 அன்று நான்காம் இரவலாக லண்டன் நகரத்து ஆர்சனல் கிளப்புக்குச் சென்றார். அங்கே பயிற்சியாளராயிருந்தவர் மிக்கேல் ஆர்டேட்டா. அவர் வாலிபத்தில் நடுக்களத்தில் ஆடினவர். பார்சலோனாவிலிருந்து பாரிசுக்கு இரவலாய்ப் போனவர். 2005 ஜனவரியில் ரியல் சொசியதாத் கிளப்பிலிருந்து இங்கிலாந்தின் எவர்டனுக்கும் இரவலாய்ப் போய், பின்பு அங்கேயே நிலைத்துவிட்டவர். இரவல்காரரின் வருத்தத்தை அறிந்த ஒருவரின் கையில் இந்த இரவல்காரர் வந்து சேர்ந்தார்.

அந்த மார்ச் மாதத்தில் டாட்டன்ஹாம் அணிக்கு எதிராய் ஒரு கோல் போட்டார். லண்டனில் அந்த இரண்டு கிளப்புகளுக்கும் உள்ள போட்டியை அறிந்தவர்கள் அந்த கோலின் மதிப்பை அறிவார்கள். அதே மாதத்தில் 22 வயதில் நார்வே தேசிய அணியின் கேப்டனாக நியமிக்கப்பட்டார். சொந்தமென்று சொல்லிக்கொள்ள நிலையான ஒரு கிளப் இல்லாதவரிடத்தில் ஒரு தேசம் தன் அணியை ஒப்புவித்தது! 2021 ஆகஸ்டு 20 அன்று ஆர்சனல் அவரை நிரந்தரமாகச் சேர்த்துக்கொண்டது. 2022 ஜூலை 30 அன்று அவரைக் கேப்டனாக அறிவித்தது. 2022-23 பருவத்தில் பிரிமியர் லீக்கில் 15 கோல்கள் போட்டார். அந்தப் பருவத்திலும் அடுத்த இரண்டு பருவங்களிலும் ஆர்சனல் இரண்டாம் இடத்தைப் பெற்றது. 2025 நவம்பரில் நார்வே உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அதற்குமுன் அந்தத் தேசம் உலகக் கோப்பையில் கடைசியாக ஆடினது 1998இல். அவர் பிறந்த அதே ஆண்டில்.

இத்தோடு நிறுத்திவிட்டால் நான் உங்களுக்குப் பாதி உண்மையை மாத்திரம் சொன்னவனாவேன். இரவல் போன எல்லாரும் தலைவர்களானதில்லை. பிரேசில் தேசத்து லூகாஸ் பியாசோன் என்ற வாலிபர் 2012இல் செல்சி கிளப்பில் சேர்ந்தார். 2021 ஜனவரியில் அங்கிருந்து விடுபடும்வரை ஸ்பெயின், நெதர்லாந்து, ஜெர்மனி, இங்கிலாந்து, இத்தாலி, போர்ச்சுகல் என்று 7 கிளப்புகளுக்கு இரவலாய் அனுப்பப்பட்டார். ஓடேகார்ட் ஆடின அதே விட்டெஸ்ஸவிலும் அவர் ஆடினார். செல்சியின் முதல் அணிக்காக அவர் ஆடினது 3 ஆட்டங்கள். உழைப்பில் அவர் குறைந்தவர் என்று யாரால் சொல்லக்கூடும்? அந்நாட்களில் சில கிளப்புகள் ஒரே நேரத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட வாலிபர்களை வெளியே அனுப்பிவைத்திருந்தன. விலை ஏறுமா என்று பார்க்கும்படி கிடங்கில் அடுக்கின சரக்கைப்போல அவர்களில் பலர் நடத்தப்பட்டார்கள்.

இந்த முறைகேட்டைக் கண்டு உலகக் கால்பந்துச் சம்மேளனமாகிய ஃபிஃபா 2022 ஜூலை முதல் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. தேசம் விட்டுத் தேசம் போகும் இரவல் 1 வருஷத்துக்கு மேற்படலாகாது. இரவல் வந்தவரை மறுபடியும் வேறொருவருக்கு இரவல் கொடுக்கலாகாது. ஒரு கிளப் இவ்வாறு அனுப்பக்கூடியவர்கள் முதலில் 8 பேர் என்றும், 2024 முதல் 6 பேர் என்றும் வரையறுக்கப்பட்டது. 21 வயதுக்குட்பட்டவர்களும், அந்தக் கிளப்பிலேயே வளர்ந்தவர்களுமானால் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். வாலிபரின் வருஷங்களுக்கும் ஒரு விலை உண்டு என்பதை அதிகாரத்தில் உள்ளவர்கள் பிந்தியாவது உணர்ந்தார்கள்.

அப்படியானால் ஓடேகார்டின் வாழ்க்கையிலிருந்து நம்முடைய குடும்பங்கள் எதை எடுத்துக்கொள்ளலாம்? மூன்று காரியங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, பெயரைக் காட்டிலும் வேலை பெரியது. ரியல் மாட்ரிட் என்ற பெயர் அவருக்குக் கொடுக்காததை ஹீரன்வேன் என்ற சிறிய ஊர் கொடுத்தது. உங்கள் மகனுக்கோ மகளுக்கோ பெரிய கம்பெனியின் பெயர் கிடைத்தும், கையில் வேலை ஒன்றும் கொடுக்கப்படாமல் இருந்தால், அது வளர்ச்சி அல்ல. சிறிய இடத்தில் பொறுப்பான வேலை கிடைத்தால் அதை அற்பமாய் எண்ணாதிருங்கள். உறவினரிடத்தில் சொல்ல அந்தப் பெயர் உதவாது என்பது உண்மைதான். ஆனால் பிள்ளையின் கை அங்கே தேறும்.

இரண்டாவது, அமைதியான வருஷங்களை வீட்டார் பொறுத்துக்கொள்ளவேண்டும். 38 ஆட்டங்களும் 3 கோல்களுமான காலம் எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாப்பாட்டு வேளையில், "எப்பொழுது பெர்மனென்ட் ஆவாய்? பக்கத்து வீட்டுப் பையன் ஆகிவிட்டானே!" என்று கேட்பது பிள்ளையின் இருதயத்தில் முள்ளாகத் தைக்கும். சிறுவயதில் மிகுந்த புகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது இன்னும் அதிகமாய் வலிக்கும். வகுப்பில் முதலாவதாய் வந்த பிள்ளை இருபத்திரண்டு வயதில் சாதாரண ஊழியனாய் இருப்பது வீழ்ச்சி அல்ல. 15 வயதில் பெற்ற பெயரின் நிழலில் 18 வயதில் நிற்பது எவ்வளவு கடினம் என்பதை வீட்டார் உணர்ந்தால் போதும். பாதிப் பாரம் இறங்கிவிடும்.

மூன்றாவது, பொறுமைக்கும் ஏமாந்துபோவதற்கும் வித்தியாசம் அறியவேண்டும். எல்லா இரவலையும் பொறுமையோடு சகித்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளை புதிய இடத்துக்குப் போகுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அங்கே அவனுக்கு உண்மையாகவே வேலை கொடுப்பார்களா? கற்றுக்கொடுக்கத்தக்க ஒருவர் அங்கே இருக்கிறாரா? காலம் முடிந்தபின் அவனுக்கு என்ன வழி என்று யாராவது யோசித்திருக்கிறார்களா? முதல் இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்தால் தைரியமாய் அனுப்பலாம். மூன்றாவதற்கு வருஷந்தோறும் பதில் இல்லாமலே போனால், ஓடேகார்ட் 2021இல் செய்ததுபோலப் பெரிய பெயரைவிட்டு வெளியே வருவதே ஞானம். ஆறு ஆண்டுகள் காத்திருந்தோமே என்பதற்காக ஏழாவது ஆண்டையும் கொடுக்கவேண்டியதில்லை.

வாலிபத் தம்பிமார்களே, தங்கைமார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. இன்று நீங்கள் அணிந்திருக்கும் சட்டை இரவல் சட்டையாக இருக்கலாம். கழுத்தில் தொங்குகிற அட்டையில் வேறொருவரின் கம்பெனிப் பெயர் இருக்கலாம். "நான் இங்கே நிரந்தரமல்லவே, எதற்கு முழு மனதோடு செய்யவேண்டும்?" என்ற எண்ணம் வருவது இயற்கை. இங்கே கற்றுக்கொண்டது உங்களுடையது. இடம் மாறும்போது சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போவீர்கள். கற்றதை ஒருவரும் திருப்பிக் கேட்கமுடியாது. ஹீரன்வேனில் கற்றதை விட்டெஸ்ஸவுக்கும், விட்டெஸ்ஸவில் கற்றதைச் சொசியதாதுக்கும், எல்லாவற்றையும் லண்டனுக்கும் சுமந்து சென்றபடியினால்தான் அங்கே அவரிடத்தில் ஓர் அணியை நம்பி ஒப்புவித்தார்கள்.

பெற்றோர்களே, இந்த வாரம் வெளியூரில் இருக்கும் பிள்ளை போன் செய்யும்பொழுது ஒரு காரியம் செய்யுங்கள். சம்பளம் ஏறிற்றா என்றும் நிரந்தரமாயிற்றா என்றும் கேட்பதற்கு முன்பாக, "இந்த மாதம் புதிதாய் என்ன வேலை கொடுத்தார்கள்? என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேளுங்கள். பதில் உடனே வராவிட்டாலும் காத்திருங்கள். யாராவது இப்படிக் கேட்கமாட்டார்களா என்று அந்தப் பிள்ளை வெகுநாளாய் ஏங்கிக்கொண்டிருக்கக்கூடும்.

அடுத்த மாதம் வேறொரு காரியத்தோடு உங்களைச் சந்திக்கிறேன்.